துணியை உதறிப் பார்த்த வியாபாரி

ஜப்பான் துணி மலிவாக வந்ததால் பெங்களூரில் எங்கள் மில் பாதித் தறிகளை நிறுத்தியது. எனக்கும் வேலை போனது. பிறகு சர்க்கார் அந்தத் துணிக்கு வரி போட்டது. அப்போதும் மில்லில் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. தினமும் மில் கேட்டில் போய் நின்றேன்.

ஒருநாள் சிக்பேட்டை ஜவுளி வியாபாரி ஒருவர் வந்தார். ஆள் குள்ளம், தலைப்பாகை பெரிது. கசக்கி உதறாமல் எதையும் வாங்கமாட்டாராம். மில் மேஸ்திரி கேட்டருகே கொண்டுவந்து காட்டிய எங்கள் துணியை உதறினார். கனமாகத் தெரியப் போட்ட கஞ்சி மாவாகக் கொட்டியது.

"இது துணியா மேஸ்திரி, தோசையா?"

"வரிதான் போட்டாச்சே சாமி. இனி எங்க துணிதானே ஓடணும்?"

"வரி போட்டா உங்க கஞ்சியை வாங்கிடுவாங்களா? நூலைக் கூட்டி நெய்யுங்க. வண்டி நிறைய எடுத்துக்கறேன்."

மறுநாள் என்னைத் தறிக்குக் கூப்பிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது.

துணியை உதறிய அன்று அந்த வியாபாரி போட்டிருந்த சட்டையே ஜப்பான் துணி. நெசவைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.