வரைபடத்தில் இல்லாத பை

மாமா என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அப்போது எட்டு வயது. உப்புவெளியில் எங்கள் வீட்டு வளவுக்குள் விரித்து நிறுத்திய கூடாரத்துக்குள் போய்ச் சப்பாணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். மாமா வெளியே நின்று தண்ணீர்க் குழாயைப் பிடித்து அரைமணி நேரம் மழை பெய்விப்பார். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் நான் "ஒழுகுது!" என்று கத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கையும் உருப்படியாகச் செய்யாத எனக்கு இந்த வேலையில் மட்டும் நல்ல பெயர் இருந்தது.

மாமா அம்மாவின் அண்ணன். முன்பு துறைமுகப் படகுகளுக்குக் கன்வஸ் உறையும் ஓட்டோக்களுக்கு மேல்மூடியும் தைத்துக்கொண்டிருந்தவர். சண்டை முடிந்து, வெள்ளைக்காரர்கள் எங்கள் கடற்கரைக்குத் திரும்பி வரத் தொடங்கிய காலத்தில், விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஒரு பெண்ணின் கிழிந்த கூடாரத்தைத் தைத்துக் கொடுக்கப் போனார். அவள் சும்மா உல்லாசப் பயணி இல்லை. காட்டிலும் மலையிலும் போய்த் தங்குகிறவர்களுக்கு விலை உயர்ந்த கூடாரங்கள் செய்து விற்கும் கம்பெனியின் சொந்தக்காரி. மாமாவின் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். இரண்டு மாதிரிகள் தைத்து அனுப்பச் சொன்னாள். பிறகு இருபது கூடாரங்களுக்கு ஓடர் வந்தது. அன்றிலிருந்து மாமாவின் கால் நிலத்தில் படவில்லை. வருகிறவன் போகிறவனை எல்லாம் மறித்து வைத்து "பிறீமியம்" என்றால் என்னவென்று விளக்கம் சொன்னார்.

"விலை கூட, பிழை இல்லை. அதுதான் பிறீமியம்."

கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்களோடு தைத்த, நாங்கள் ராத்தா என்று கூப்பிட்ட முஸ்லிம் அக்காவுக்கு இந்த விளக்கம் போதவில்லை. "காசு குடுத்துக் கூடாரத்துல படுக்கிற சனமும் இரிக்கா, அண்ணன்?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் காணவில்லை என்று தேடத் தொடங்கினார். அது அவர் மடியிலேயே கிடந்தது.

கம்பெனி அனுப்பிய வரைபடம் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் இல்லாத ஒரு தையலும் போடக்கூடாது. ஊசி போன இடமெல்லாம் தண்ணீர் போகும் என்று மாமா காலையும் மாலையும் தேவாரம் பாடுவதுபோல் சொல்லிக்கொண்டிருப்பார். வரைபடத்தை நான் பாடமாக்கியே வைத்திருந்தேன்.

இவ்வளவு கவனத்துக்கும் காரணம் இருந்தது. அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு மேலே ஒரு புதுப் பாஸ்போட் கிடந்தது. இந்த இருபது கூடாரங்களும் சரிவராவிட்டால் அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதென்று முடிவாகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று நானே கேட்டுக்கொண்டேன். "இது பாஸானால் நீ ஒரு இடமும் போகத் தேவையில்லை, தங்கச்சி" என்றார் மாமா. அப்பா ஏற்கெனவே சுவரில் போட்டோவாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? சந்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். போகிற வழியில் மாதா கோவிலும் இருந்தது. அவரையும் நான் சும்மா விடவில்லை.

அம்மாவிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. கூடாரத்தின் அடித்தரையைச் சுவரோடு பொருத்தித் தைக்கிற கடினமான வேலை முழுக்க அவருடையதுதான். ஆனால் தைத்த கூடாரத்துக்குள் ஒருநாளும் காலடி வைக்கமாட்டார். "அம்மா, உள்ளுக்கு வாங்கோ, குளுகுளு எண்டு கிடக்கு" என்று நான் கூப்பிட்டால், "எனக்கு மூச்சு முட்டும்" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். சிலருக்குக் கரப்பான் பூச்சி என்றால் பயம், அம்மாவுக்குக் கூடாரம் என்றால் பயம், அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பையைக் கண்டுபிடித்தவள் நான்தான். ஒருநாள் மழைக்குள் உட்கார்ந்திருந்தபோது கை தற்செயலாக அதற்குள் போய்விட்டது. வாசலுக்கு எதிர்ப்பக்கம், சுவரும் தரையும் சேரும் இடத்தில், அதே நிறத் துணியில் சின்னதாக ஒரு பை. தடவிப் பார்த்தாலொழியத் தெரியாது. வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அடுத்த கூடாரத்திலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"அது கிடக்கட்டும். மாமாட்டச் சொல்லாதை" என்றார்.

இன்ஸ்பெக்டர் என்ற வகையில் நான் முறையிட்டிருக்க வேண்டும். ஆனால் எள்ளுருண்டையை ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடைக்குமா? வாயை மூடிக்கொண்டேன்.

கம்பெனிக்காரி வந்த அன்று மாமா சப்பாத்துப் போட்டிருந்தார். அது கடித்ததில் நொண்டிக்கொண்டே வரவேற்றார். மொழிபெயர்க்கக் கொழும்பிலிருந்து ஓர் ஐயாவும் கூட வந்திருந்தார். அடுக்கி வைத்த இருபதில் ஒன்றைக் காட்டி அதை விரிக்கச் சொன்னாள் அவள். நான் கடைசியாக உட்கார்ந்து எழும்பிய கூடாரம் அது. தவழ்ந்து உள்ளே போனாள். வெளியே வரும்போது அவளுடைய உள்ளங்கையில் ஒரு எள்ளுருண்டை இருந்தது. அதிலிருந்து எறும்புகள் வரிசையாக அவள் முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.

மாமா உருண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூடாரத்துக்குள் தலையை விட்டுத் தடவிப் பார்த்தார். தலையை வெளியே எடுத்ததும் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"என்ன தங்கச்சி செய்து வைச்சிருக்கிறாய்? படத்தில இல்லையே இது!"

கொழும்பு ஐயா இன்னொரு கூடாரத்தைப் பிரித்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. வரைபடத்துக்கு மாறாகத் தைத்ததைக் கம்பெனி எடுக்காது, இருபதும் பிழைதான் என்று தலையை ஆட்டினார். ராத்தா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண்ணுக்குள் அந்தப் பாஸ்போட்தான் நின்றது.

கம்பெனிக்காரி மட்டும் அவசரப்படவில்லை. எறும்பைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே போய், தையலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். வெளியே வந்து ஐயாவிடம் நீளமாக ஏதோ சொன்னாள்.

"புதுசா ஒரு ஊசி ஓட்டையும் விழேல்லையாம். பழைய தையலுக்குள்ளேயே பையைப் பிடிச்சுத் தைச்சிருக்காம். கெட்டிக்காரத் தையல் எண்டு சொல்லுறா" என்றார் ஐயா. "ஆனால் ஏன் இந்த இடத்தில? பை வைக்கிறதெண்டால் எல்லாரும் வாசல் பக்கமல்லோ வைப்பினம் எண்டு கேக்கிறா."

"அது டோர்ச் வைக்க..." என்று மாமா தொடங்கினார். அவள் மாமாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

அம்மா நூலை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சொல்லுங்கோவன் அம்மா! இல்லாட்டி நீங்கள் போயிடுவியள்!" என்று குழறினேன்.

அம்மா செருப்பைக் கழற்றினார். குனிந்து கூடாரத்துக்குள் போனார். நான் அறிய அதுதான் முதல் தடவை. வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கமாகத் திரும்பி, இடப்பக்கம் சரிந்து படுத்தார். இடது கையை வளைத்துச் சுவருக்கும் தனக்கும் நடுவே வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். வலது கை மட்டும் எழுந்து, தேடாமல் தடவாமல், நேராகப் பைக்குள் போனது.

"இப்பிடி" என்றார். "அடையாள அட்டை, பத்திரங்கள் எல்லாம் இதுக்குள்ள. இருட்டில தேடத் தேவையில்லை. ஒரு கையால எடுத்துக்கொண்டு எழும்பலாம். மற்றக் கையை விடத் தேவையில்லை."

ஐயா அதை மொழிபெயர்க்கும்போது அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது. கம்பெனிக்காரி வாசலில் குந்தினாள். பிறகு வரைபடத்தை முழங்காலில் வைத்து, பேனாவால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம் கீறினாள். மாமா தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போய், யாருக்கும் முகத்தைக் காட்டாமல், முதல்நாள் மழையில் நனைந்து நின்ற தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

இருபதும் பாஸ். பாஸ்போட் சேலைகளுக்கு அடியில் போனது. என் எள்ளுருண்டைதான் எல்லாரையும் காப்பாற்றியது என்று ஒரு கிழமை முழுக்கப் பீற்றித் திரிந்தேன். வெள்ளைக்காரர்களின் பாஸ்போட் வைப்பதற்குத்தான் அம்மா அந்தப் பையைத் தைத்தார் என்று பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னேன். ஒரே ஒரு குறைதான் எனக்கு இருந்தது, அதை மாமாவிடம் கேட்டேன்.

"அம்மாவுக்குப் படுத்துக் காட்டவே தெரியேல்லை, என்ன மாமா? இடக்கையை ஏன் அப்பிடி மடிச்சுக்கொண்டு கிடந்தவ?"

மாமா என் தலையில் குட்டினார். வலிக்கவே இல்லை. அதன் பிறகு அந்தக் கையை என் தலையிலேயே வைத்திருந்தார்.

இன்று அதே வளவில் உள்ள பட்டறையில் துணி வெட்டுகிறவள் நான். கம்பெனியின் வரைபடங்களில் இப்போது அந்தப் பை அச்சிலேயே வருகிறது. படுத்தபடியே போனை எடுக்க நல்ல வசதி என்று வாங்குகிறவர்கள் புகழ்ந்து எழுதுகிறார்கள். அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்.

சண்டைக்குள் ஈச்சிலம்பற்றிலிருந்து ஓடிவந்து, தறப்பாள் விரிப்பால் அடித்த அகதிக் கூடாரங்களில் இடம் மாறி மாறிக் கிடந்த நாட்களைப் பற்றி அம்மா தானாகச் சொன்னதில்லை. நான் கேட்டுக் கேட்டுத்தான் துண்டு துண்டாக வந்தது. எந்த நேரமும் எழும்பி ஓடவேண்டி வருமாம். பத்திரம் தொலைந்தால் அடுத்த சோதனைச் சாவடியில் நீ யார் என்பார்களாம். அப்போது எனக்கு இரண்டு வயது. அன்று அம்மாவின் மடித்த கைக்குள் ஒன்றுமே இல்லை என்று நினைத்துத்தான் நான் மாமாவிடம் குறை சொன்னேன். அந்தக் கைக்குள் கிடந்தவளே நான்தான்.