சேதிப்பூச்சிக்கு விட்ட செடி

கோஸோ தீவில் ஆதொண்டை மொட்டுப் பறிப்பதில் வென்ஸாவின் கைக்கு ஈடு கிடையாது. கோட்டைச் சுவரின் இடுக்குகளில் தொங்கும் அந்த முட்செடிகளை விடியும் முன்பே ஒரு கை பார்த்துவிடுவாள். மொட்டு விரிந்துவிட்டால் உப்பில் ஊறப்போட உதவாது. அவள் நடந்துபோன சுவரில் மறுநாள் ஒரு பூவைக் காட்டிவிட முடியாது. ஜாடிக்குள் கைவிட்டு ஊறிய மொட்டை அள்ளித் தின்னும் புருஷனையே விளாசிவிடுகிறவள், தன் சன்னலுக்கடியில் நின்ற செடியை மட்டும் தொடமாட்டாள். அது சேதிப்பூச்சிக்கு விட்டது.

மொட்டுப் பறிக்கிற எல்லா வீட்டிலும் அப்படி ஒரு செடியை விடுவார்கள். பூச்சி பெருவிரல் நீளம்தான், எலி நிறம், பின்சிறகில் மட்டும் ஆரஞ்சு. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நாக்கை நீட்டித் தேன் குடிக்கும். அது வீட்டுக்குள் வந்தால் நல்ல சேதி வரும். அதை விரட்டக் கூடாது.

"கட்டுன புருஷன் தின்னா குத்தம், பூச்சிக்குத் தனிச்செடியா?" என்று இந்த்ரி சீண்டுவான்.

"பூச்சி சேதி கொண்டாருது. நீ பசியத்தான கொண்டாறே?" என்பாள் அவள்.

இலையுதிர்காலத்தின் முதல் புயல் வந்தபோது இந்த்ரி தன் படகில் தனியாக மீனுக்குப் போயிருந்தான். தேடப் போன படகுகள் வெறுமனே திரும்பின. அவனுடைய அக்காள் ஜிலோர்மா பெட்டியைத் திறந்து, துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணியை எடுத்து வைத்தாள். அன்று பிற்பகல்தான் பூச்சி உள்ளே வந்தது. பூப்போட்ட சட்டையோடு நின்ற வென்ஸாவின் நெஞ்சுக்கு நேரே நின்று, நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனது.

"மதினி, அந்தக் கறுப்பை உள்ள வைங்க. அவரு வாராரு."

"ஏட்டி, தேடுனவங்களே கைய விரிச்சுட்டாங்க..."

"என் நெஞ்சுக்கு நேரா நின்னு சொல்லிட்டுப் போச்சு. நீங்களுந்தான பாத்தீங்க?"

ஜிலோர்மாவும் பார்த்திருந்தாள். துணியை மடித்து உள்ளே வைத்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வென்ஸா ஓவியர் விஸ்தினிடம் போனாள். படகுகளின் முகப்பில் காவலுக்குக் கண் வரைகிறவர் அவர். கடல் உயிரோடு விட்டவர்கள் வந்து நடந்ததைச் சொல்ல, கோயிலில் மாட்டும் நேர்ச்சைப் படம் வரைகிறவரும் அவர்தான்.

"ஆளு வரட்டும்மா. கரையேறுனவன் வாயால கேட்டுத்தான் நான் வரையிறது."

"சேதி வந்த பிறகும் நன்றி சொல்லாம இருந்தா மாதா என்ன நெனைப்பா? இவ என்னைச் சந்தேகப்படுறான்னு அவரைப் பிடிச்சு வச்சுக்கிட்டா என்ன செய்வேன்?"

விஸ்தின் பலகையை எடுத்து வைத்தார். வரைந்தார். சாய்ந்த படகு, மேகத்தில் மாதா, கரையோரம் வெள்ளை வெள்ளையாய் ஆதொண்டைப் பூ, அதன்மேல் பூச்சி. இந்த்ரியின் முகத்தை மட்டும் விட்டுவைத்தார். வந்து உட்காரட்டும், பார்த்து வரைகிறேன் என்றார்.

வென்ஸா குனிந்து பார்த்தாள். "சிறகு எங்கண்ணே? புகையை அப்புன மாதிரில்ல இருக்கு?"

"பறக்கையில அது சிறகை யாரு பாத்தா? விரிச்சுத் தெளிவா வரைஞ்சா ஊசி குத்தி வச்ச செத்த பூச்சிதான்."

"அப்ப இப்படியே இருக்கட்டும். உசுரோட இருக்கட்டும்."

சாயம் காயவில்லை, அடுத்த விரிகுடாவில் படகின் முகப்புப் பலகை ஒதுங்கியது. அதிலிருந்த கண்ணைப் பார்த்ததுமே, தான் வரைந்தது என்று விஸ்தினுக்குத் தெரிந்துவிட்டது. சற்றுத் தள்ளி இந்த்ரியும் கிடந்தான்.

"புதைக்க உடம்பாவது கிடைச்சுதே, அதுதான் பூச்சி சொன்ன சேதி" என்றது ஊர். பூச்சியைப் பொய்யாக்க ஊருக்கு மனமில்லை. வென்ஸாவின் மனதைப் பற்றி யார் நினைத்தார்கள்! அவள் அழவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும், சன்னலடிச் செடியில் மிஞ்சியிருந்த பூவையும் மொட்டையும் ஒன்றுவிடாமல் உருவி மண்ணில் போட்டு மிதித்தாள்.

படத்தைக் கோயிலில் மாட்ட முடியாது. விஸ்தினே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"எனக்கு அவன் முகம் ஞாபகமிருக்கும்மா. வரைஞ்சு தரட்டுமா?"

"வந்து உக்காந்தா வரைங்கண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். படம் முகமில்லாமலே சன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது.

அடுத்த கோடையில் அவள் அந்தச் செடியையும் சேர்த்தே பறித்தாள். அவள் வீட்டைச் சுற்றி ஒரு பூ இல்லை. ஒரு நாள் வெயில் சாயும் நேரம், பூச்சி உள்ளே வந்தது. வென்ஸா விளக்குமாற்றை எடுத்தாள். பூச்சி அவளைச் சட்டை செய்யவில்லை. அவள் உடம்பில் இப்போது கறுப்புத்தான், பூ ஏது? நேரே படத்துக்குப் போய், வரைந்த பூவின்முன் நின்று நாக்கை நீட்டியது. சாயத்தைத் தொட்டது. பின்வாங்கியது. பக்கத்துப் பூவைத் தொட்டது. மறுபடி முதல் பூவுக்கே வந்தது.

ஓங்கிய கை இறங்கிவிட்டது. அன்று போட்டிருந்த பூப்போட்ட சட்டை அவளுக்கு நினைவு வந்தது.

"அடப்பாவி, அன்னைக்கும் இதுக்குத்தான் வந்தியா?" என்றாள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, இந்த்ரி போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பசியை மட்டுமே கொண்டுவந்தவன் என்று அவனை ஏசியதெல்லாம் சேர்ந்து வந்தது.

மறுநாள் விடியற்காலையில் சுவரெல்லாம் பறித்துக்கொண்டு வந்தவள், சன்னலடிச் செடியைத் தொடாமல் தாண்டிப் போனாள். ஜிலோர்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதை ஏன்டி விட்டுட்ட? இனி யாரு சேதிக்குக் காத்திருக்க?"

"சேதி ஒண்ணும் வேண்டாம் மதினி. அதுக்குப் பசிக்குது."