மன்னவனூரில் என் போன் மேல் விழுந்த பழி

மன்னவனூர் போனதற்குக் காரணம் ஒன்று. வீட்டில் சொன்னது இன்னொன்று. போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு எனக்குக் காணொளி நேர்காணல். வெளியூரில் ஒரு நூலக வேலை. கிடைக்கும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பழனியில் எங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. கதவைச் சாத்தினால் இரண்டு பேர் வந்து தட்டுவார்கள். அதனால் "கொடைக்கானலைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினேன். பொய்யில்லை, பார்க்கவும் செய்தேன்.

செவ்வாய் காலை 6.40 பேருந்து. அறுபத்தைந்து கிலோமீட்டர் மலைப்பாதை, ஏறக்குறைய மூன்று மணி நேரம். (பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம்.) அன்றிரவு கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் ஒரு சின்ன விடுதி, 1,100 ரூபாய். வரவேற்பில் இருந்தவர் வைஃபை போட்டுத் தருகிறேன் என்று என் போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஏதோ எண்களைத் தட்டினார். என்ன செய்கிறீர்கள் என்றேன். "ரூமுக்கு ஒரு நம்பருங்க. அதப் போட்டாத்தான் எல்லாருக்கும் சமமா வரும்." பூட்டைத் திறந்த போனை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு நின்றது என் தப்பு. இணையம் நன்றாகத்தான் வந்தது.

புதன் காலை எட்டு மணிக்கு மன்னவனூர் பேருந்து. முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். கேரட் தோட்டங்களைத் தாண்டியதுமே என் சிம்மில் சிக்னல் செத்துவிட்டது. இது தெரிந்துதான் அங்கே நான் தங்கப்போகும் வீட்டுக்காரரிடம் முன்பே இரண்டு முறை போனில் கேட்டிருந்தேன். "வைஃபையா? பறக்கும்ங்க!" என்றிருந்தார். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 1,500 ரூபாய். வாசலில் கால் வைத்ததும் கடவுச்சொல்கூடக் கேட்காமல் போன் தானாகவே இணைந்துகொண்டது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ சந்தோஷப்பட்டுக்கொண்டு புல்வெளிக்கும் ஏரிக்கும் நடக்கப் போய்விட்டேன்.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால், 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை'. போனை அணைத்து எழுப்பினேன். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தேன். மோடத்தின் பக்கத்திலேயே போய் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

அங்கே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்பவர் செல்வம். தன் போனில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினார். "பாருங்க, பறக்குதுல்ல? உங்க போன்லதான் ஏதோ கெடக்கு. பொம்பளப் பிள்ளைங்க செல்பியா எடுத்து ரொப்பி வச்சிருப்பீங்க."

என் போனில் மொத்தம் மூன்று செல்பி இருந்தால் அதிகம். கோபத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு உங்கள் போனைத் தர முடியுமா என்று கேட்டேன். "புக்கிங் கால் வரும்ங்களே." வைஃபை போட்டுக்கொடுத்த டெக்னீஷியனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்த மனிதர் என் போனின் மாடலைக்கூடக் கேட்கவில்லை. "லைன் கிளியரா இருக்கு. போன ஃபேக்டரி ரீசெட் அடிக்கச் சொல்லுங்க, வெரசா முடிஞ்சிரும்."

மணி 2.25. ரீசெட் அடித்தால் போனில் இருப்பது அத்தனையும் போய்விடும். நேர்காணலுக்காக எழுதி வைத்த குறிப்புகள், ஐந்து வருடம் படித்த புத்தகங்களிலிருந்து எடுத்த வரிகள், எதற்கும் நகல் இல்லை. என்னிடம் என்ன வேலை இருக்கிறது, எத்தனை மணிக்கு என்று இரண்டு ஆண்களில் ஒருவரும் கேட்கவில்லை. சமையலறை பெஞ்சில் உட்கார்ந்து அந்த ரீசெட் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையல் செய்யும் பேச்சியம்மாள் அக்கா அடுப்பிலிருந்து திரும்பினார். "எதையும் அழிச்சுப்புடாதம்மா. அந்தாளு எல்லாத்துக்கும் இதையேதான் சொல்லுவாப்ல. அவரு சோலியே அப்படித்தான். அவர் வைஃபை போட்ட லாட்ஜுக்கு எல்லாம் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. செண்பகனூர்ல கல்யாணச் சமையலுக்குப் போயிருந்தேன், அங்கயும் என் போனு ஒண்ணுமே கேக்காம ஒட்டிக்கிருச்சுன்னா பாரேன்!"

அக்கா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருப்பதால் என் போன் இன்னும் செண்பகனூரில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது! அமைப்புகளைத் திறந்தேன். அந்த வரவேற்பாளர் தட்டிய எண், அதாவது ஐ.பி. முகவரி, அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்த விடுதியின் எண் இந்த வீட்டு மோடத்துக்குச் செல்லாது. 'இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு' என்பதை அழுத்தினேன். அக்கா சொல்லச் சொல்லக் கடவுச்சொல்லை மறுபடி போட்டேன். எண் இருந்த இடத்தைத் தானியங்கியாக விட்டேன். அடுத்த நொடி மின்னஞ்சல்கள் கொட்டின. மணி 2.51.

"அட, வந்துருச்சா?" என்றார் அக்கா. "போயி மூஞ்சியக் கழுவு. அழுத மாதிரி இருக்கு."

நேர்காணல் நாற்பது நிமிடம் நடந்தது. முடிந்து வெளியே வந்ததும் செல்வத்திடம் போனை வாங்கி, காரணத்தை டெக்னீஷியனுக்கு விளக்கினேன். ஒவ்வொரு லாட்ஜ் வைஃபைக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் இந்தத் தொல்லையே வராது என்றேன். மறுமுனையில் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதான் அப்பவே சொன்னேன்லங்க, உங்க போன்லதான் பிரச்சினைன்னு."

மன்னவனூருக்குப் போங்கள். அந்தப் புல்வெளியில் காலை பத்து மணிக்கு மேகம் இறங்குவதைப் பார்க்கவாவது போங்கள். அங்கே இணையத்தை நம்பி ஒரு வேலையை வைத்துக்கொண்டால், போய் இறங்கிய உடனே ஒரு பக்கத்தைத் திறந்து சோதித்துவிடுங்கள். வைஃபை கோடுகள் நிறைந்திருப்பதை நம்பாதீர்கள். மற்றவர் போனில் வந்து உங்கள் போனில் மட்டும் வரவில்லையென்றால், முதலில் அந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிப் புதிதாக இணையுங்கள். இரண்டு நிமிட வேலை. ரீசெட் என்று யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம்.

அடுத்த வாரம் இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு வந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

வியாழன் காலை கிளம்பும்போது செல்வம் வாசலில் நின்றார். "நம்ம இடத்துக்கு அஞ்சு ஸ்டார் போட்டுருங்க. கொடுங்க, நானே போட்டுக்கிறேன்" என்று கையை நீட்டினார். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.