அக்கா கழற்றிய பூட்டு

விருதுநகர் கடைவீதியில், ஒரு சிடி கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த அட்டையைப் பார்த்ததும் முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெயிலில் காயும் பட்டாசுகள், மேலே கருமேகம், ஓரத்தில் அக்காவின் பெயர். அக்கா எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டு அது. மழை விழுவதற்குள் களத்தில் காயும் சரக்கை அள்ளி அறைக்குள் சேர்க்க வேண்டும். பிறகுதான் உறைத்தது, அந்தக் கடைக்கு நாங்கள் சிடி எதுவும் கொடுக்கவே இல்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. சிவகாசியில் அக்கா கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குள் விளையாட்டு விற்றால் சென்டர் தொடரலாம், இல்லையென்றால் இழுத்து மூடிவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார். அக்காவுக்குக் கல்யாணத்தின் மேல் கோபமில்லை, கெடுவின் மேல்தான்.

நானும் அக்காவும் நேரே அட்டை அடித்துக் கொடுத்த அச்சக அண்ணாச்சியிடம் போனோம். எங்கள் ஊர் அச்சகங்களில் ஆர்டருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே அடிப்பார்கள், தாள் பாழானால் ஈடுகட்ட. மிஞ்சும் பட்டாசு லேபிளைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவது அண்ணாச்சியின் பழக்கம். எங்கள் அட்டையையும் அப்படியே கொடுத்திருக்கிறார். சிடி கடைக்காரர் எங்கள் சிடி ஒன்றை வாங்கி, காப்பி போட்டு, எங்கள் அட்டையையே வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"ஒங்க பேரு விருதுநகர் வரைக்கும் போயிருக்கு. சந்தோசப்படாம சண்டைக்கு வாரீகளே தாயி! ஒங்க பெட்டியில இருந்து ஒண்ணாச்சும் கொறஞ்சிருக்கா?" என்றார் அண்ணாச்சி.

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அக்கா கத்தவில்லை. "சரி அண்ணாச்சி, அடுத்த அட்டைய நான் சொல்லுத மாதிரி அடிங்க" என்றாள்.

யார் வேண்டுமானாலும் காப்பி போட்டுக்கொள்ளலாம் என்று அட்டையிலேயே அடிக்கச் சொன்னாள். புதிய சிடியில் பாதி ஆட்டம் எல்லோருக்கும் திறக்கும். மீதிக்கு எங்கள் சென்டருக்கு மணியார்டர் அனுப்பிச் சாவி எண் வாங்க வேண்டும், ஒவ்வொரு முறை ஆடும்போதும் எங்கள் இணையதளம் அதைச் சரிபார்க்கும். திருடியவரே ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தீபாவளிக்குள் சென்டர் பிழைத்தது. "வார வருசத்துக்கும் எதாச்சும் எழுது" என்று அப்பாவே சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வருடங்கள் கழித்து எங்கள் தளத்தை வைத்திருந்த கம்பெனி கையை விரித்தது, சாவியைச் சரிபார்க்கத் தளமே இல்லாமல் போனது. தாயில்பட்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "மொதல்ல வந்த காப்பி சிடி வாங்குன எம்மச்சானுக்கு அந்தப் பழைய கேம் இன்னும் ஓடுது. காசு கெட்டி வாங்குன எனக்குத் தெறக்க மாட்டேங்குதே தாயி?"

பழைய விளையாட்டுதானே, விட்டுவிடு என்றேன்.

"ஏலே, அவுக வாங்குனது வெளையாட்ட. சாவிய இல்ல" என்றாள் அக்கா. சாவி கேட்கும் பூட்டைக் கழற்றி, பணம் கட்டிய எல்லோருக்கும் புதிய சிடி அனுப்பினாள். இனி ஒன்றுகூட விற்காது என்று தெரிந்தேதான் செய்தாள்.

சென்ற மாதம் என் மகளுக்குப் போனில் வாங்கிக் கொடுத்திருந்த விளையாட்டு ஒரு காலையில் திறக்கவில்லை. சேவை நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது. "நாம காசு குடுத்துத்தானேப்பா வாங்குனோம்?" என்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போன் நம்பரைத் தேடினேன். தேடித் தேடிப் பார்த்தும், அங்கே போனை எடுக்க ஒரு அக்கா இல்லை.