வீட்டுக்கு நாலு பேர்

கடல் தாண்டிப் பிழைக்க வந்த பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வரிசையின் கடைசி வீடு என்னுடையது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். முன்னறையில் தங்கியிருந்த, ரயில் பாதை வேலை பார்த்த ஆறு பேர். ஆகப் பத்து. மற்ற வீடுகளிலும் இதே நெரிசல்தான்.

ஊர்ச் சுகாதாரத்தையும் கட்டடங்களையும் கவனிக்கும் போர்டு ஆபீஸிலிருந்து வீட்டுவாரியாகத் தலை எண்ண வருகிறார்கள் என்றதும் தெருவே பதறியது. அளவுக்கு மேல் ஆள் இருந்தால் அபராதம், கூடுதலாக இருப்பவர்களை வெளியே தள்ளிவிடுவார்கள். அன்று காலை பாய்களைச் சுருட்டிப் பரணில் ஏற்றினோம். தங்கியிருந்தவர்கள் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் ரயில்வே சரக்குக் கொட்டகைக் குமாஸ்தா. இங்கிலீஷ் எழுதத் தெரியும். அத்தனை வீட்டுப் படிவத்தையும் நானே நிரப்பினேன்.

“வீட்டுக்கு நாலு பேர்னு போடுங்கண்ணே, வம்பு வேணாம்” என்றார்கள். போட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு எனக்கு!

மறுவருஷம் போர்டின் புதுக் கட்டடத் திட்டம் வந்தது. எங்கள் தெருவில் இனி மூன்று மாடி கட்டலாம். பக்கத்தில் காலி இடம் விட வேண்டியதில்லை, எல்லைவரை சுவர் எழுப்பலாம். அனுமதி வருமுன்பே பக்கத்து மனைக்காரர் செங்கல் இறக்கிவிட்டார். என் மனைவிக்கு அப்போது காசநோய். காற்றும் வெளிச்சமும்தான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்குக் காற்று வந்தது அந்த மனையைப் பார்த்த ஒரே ஜன்னல் வழியாகத்தான். அதன் கீழேதான் அவள் படுத்திருந்தாள்.

கேள்வி கேட்க எல்லோரும் ஆபீஸுக்குப் போனோம். எதிர்வீட்டு அக்காதான் வாயைத் திறந்தாள்.

“இப்பவே மூச்சு முட்டுது. தெருவுக்கு ஒரே குழாய். இன்னும் மாடி மாடியா ஆளக் கொண்டாந்து ஏத்துனா நாங்க எங்க போறது?”

போர்டின் வெள்ளைக்காரத் துரை ஒரு கட்டுத் தாளைப் புரட்டினார். மொழிபெயர்ப்பாளர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “வீட்டுக்கு நாலு பேர்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் என்ன நெருக்கடி? எடம் தாராளமா இருக்குங்கறார் தொரை.”

என் கையெழுத்து! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் என்று ஒப்புக்கொண்டால் தெருவில் பாதிப் பேர் நடுத்தெருவுக்கு வருவார்கள் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது என் வேலை போய்விடும் என்பதுதான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வீடு திரும்பியதும், “என்னங்க சொன்னாங்க?” என்றாள் மனைவி.

“யோசிக்கிறாங்களாம்.”

சுவர் எழும்பியது. ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டியது. பட்டப்பகலில் விளக்கு ஏற்றினோம். ஒருநாள் அவள் கையை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஈரமா இருக்குங்க” என்றாள். அடைமழை ஓயுமுன் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் மறுபடி தலை எண்ண வந்தார்கள். அதே மொழிபெயர்ப்பாளர்.

“நாலு பேர்தானே?”

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ! “பத்துய்யா! அன்னிக்கும் பத்துதான். இப்ப ஒன்பது. எழுதிக்கிங்க!” என்று கத்தினேன்.

எழுதிக்கொண்டார். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னறையிலிருந்த ஆறு பேரையும் அந்த வாரமே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். என் மனைவியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவர்கள் அவர்கள்தான்.