சாய்ந்த வீடு

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கூடாய் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் தரை என்னை நோக்கி எழுந்து வந்தது. கதவுகள் சாய்ந்திருந்தன. சோபாவில் இருந்த அக்காவின் முகம், அக்காவைப் போலவே செய்யப்பட்ட வேறொரு முகமாக இருந்தது. எனக்கு ஆட்டிசம். வீட்டில் ஒரு விளக்கை மாற்றினாலே நெஞ்சு படபடக்கும்.

"புதுசுல அப்படித்தான் லா, பழகிடும்," என்றாள் அக்கா. கண்ணாடிக் கடைக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

சின்ன வயதிலிருந்தே கேட்கும் வார்த்தை அது. சத்தத்துக்குப் பழகு, கூட்டத்துக்குப் பழகு. சரி என்று இதற்கும் பழகித் தொலைத்தேன். தரை சமமாக இருப்பதாகக் கால் சொன்னது, இல்லை என்று கண் சொன்னது. படபடப்பு ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிச் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்பேன். கையில் பட்ட சுவர் மட்டும் மாறாமல் இருந்தது. சில வாரங்களில் வீடு நிமிர்ந்தது. அக்காவும் அக்காவானாள்.

பிறகு, மூக்கில் வழுக்குகிறதே என்று கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுபோனேன். சோதித்துப் பார்த்த கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அலமாக்! இடது வலது லென்ஸ மாத்தி மாட்டியிருக்காங்க." உடனே சரிசெய்து தந்தார்.

வீட்டுக்கு வந்தேன். தரை எழுந்து வந்தது. சோபாவில் இருந்த முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தேடினேன்.