அமினோ மாத்திரையும் என் தோழியும்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் மேலப்பாளையத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அந்த வருஷம் என் நகங்கள் கெட்டுப்போயின. சேலை மடிப்பில் மாட்டி ஓரம் பிய்யும். நடுவில் குழி விழுந்து நுனி மேல்நோக்கி வளைந்தது. பிள்ளைகள் பார்த்துவிடாதபடி விரல்களை மடக்கியே வைத்திருந்தேன்.

கண்டுபிடித்தவள் பக்கத்து வகுப்பு ஆசிரியை. ஒரே பஸ்ஸில் வந்து, மதியச் சோற்றைப் பகிர்ந்து உண்ணுகிறவர்கள் நாங்கள். என் கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்தாள். அவளுடைய நகங்கள் வழுவழுவென்று இருந்தன.

"ஏட்டி, எனக்கும் இப்படித்தான் குழிஞ்சு கெடந்துச்சு. இந்த அமினோ மாத்திரைதான் சரியாக்குச்சு, புரதச்சத்து மாத்திரை. நகம் புரதத்துல ஆனதுல்லா?"

வீடு வீடாக மாத்திரை விற்கும் ஒரு கம்பெனிக்கு அவள் ஏஜெண்டாகியிருந்தாள். டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"நகத்துக்குப் போயி டாக்டர்ட்ட போவாளா? பைய வளரும், பொறு."

ஒரு டப்பா வாங்கிப் பொறுத்தேன். அது தீர்ந்ததும் அடுத்த டப்பா தந்தாள். நகம் தேறவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதைச் சொன்னபோது, "ரெண்டு ரெண்டாப் போடு" என்றாள். போட்டேன்.

ஒரு நாள் பாடம் நடத்தும்போதே கண் இருட்டிச் சரிந்தேன். அன்று அவள் விடுப்பு. தலைமையாசிரியை என்னை ஆட்டோவில் ஏற்றி, ஜங்ஷன் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். காத்திருந்தபோது டாக்டரின் அறைக்கதவு திறந்தது. வெளியே வந்தவள் என் தோழி. கையில் சிவப்பு மாத்திரை அட்டைகள். என்னைக் கண்டதும் பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

டாக்டரம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையேம்மா. இரும்புச்சத்து குறைஞ்சா நகம் இப்படித்தான் குழியும்." அவர் எழுதித்தந்த இரும்புச்சத்து மாத்திரைக்கு மருந்துக்கடையில் எனக்குக் கிடைத்ததும் அதே சிவப்பு அட்டைதான்.

மறுநாள் பள்ளியில் அவளை நிறுத்தி, சிவப்பு அட்டையைக் காட்டிக் கேட்டேன். "இந்த மாத்திரையிலதான உனக்குச் சரியாச்சு? எங்கிட்ட ஏன் சொல்லல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன்ன விட்டா எங்கிட்ட யாருட்டி வாங்குவா?"



சில மாதங்களில் நகங்கள் நேராயின. நான் வேறு பஸ்ஸுக்கு மாறினேன். வாய்ப்பாடு சொல்லித்தரும் அவள் குரல் மட்டும் சுவர் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவள் மாத்திரை விற்றதைக்கூட மன்னித்திருப்பேன். மூச்சு வாங்குகிறது என்று நான் சொன்னபோதே, எனக்கும் ரத்தக்குறைவுதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.